ஐந்துக்கு ஐந்து வெளிச்சம்

நாள் 118. மாலை 4:10. சோதனை அறை.

சோதித்த டப்பாக்கள் முப்பத்தாறு. தேறியவை முப்பத்தாறு. கழித்தவை இல்லை. கண் எரிச்சல் இல்லை. தலைவலி இல்லை. இன்றைய வெளிச்சம் வசதியாக இருந்ததா என்ற கேள்விக்குப் பதில்: 5.

படிவம் இத்தோடு முடிந்தது. இதற்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. தொழிலாளர் தன் சொந்த வார்த்தைகளில் பத்து வரி எழுத வேண்டுமாம். வேலையிட வெளிச்சம் கவனத்தையும் கண்ணையும் என்ன செய்கிறது என்று ஆய்வு. ஆய்வுப் பொருள் நான்தான். பூமியில் ஏசி அறையில் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் புண்ணியவான் யாரோ, அவருக்கு வணக்கம்.

பெயர் நாகமணி. வயது நாற்பத்தாறு. திருப்பூரில் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். வெள்ளை பனியனில் மஞ்சளடித்தால் மற்றவர்கள் நான்கு பேர் கூடிப் பார்த்து, இருக்கிறது, இல்லை என்று சண்டை போடுவார்கள். நான் நடந்து போகிற போக்கில் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணுக்காகத்தான் என்னை நிலவுக்குக் கூட்டிவந்தார்கள். இதை நான் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை.

இங்கே வேலை இதுதான். மூச்சில் வெளியே விடும் கரிக்காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மணல் மாதிரி ஒரு சரக்கு. அதை டப்பாவில் அடைத்திருப்பார்கள். ஒரு டப்பா ஓர் ஆளுக்கு ஒரு நாள் வரும். சத்து இருக்கும்வரை சரக்கு வெள்ளையாக இருக்கும், தீர்ந்தால் இளமஞ்சளாகிவிடும். தீர்ந்ததை அடுப்பில் வைத்துச் சுட்டால் மறுபடி வெள்ளையாகும். ஒழுங்காகச் சுட்டிருக்கிறதா என்று பார்க்கும் கருவி இரண்டாம் மாதமே செத்துப்போனது. இப்போது அந்தக் கருவி நான். டப்பாவின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கண்ணாடி. அதன் வழியே பார்த்து, வெள்ளையென்றால் கண்ணாடியின் மேலேயே பாஸ் ஸ்டிக்கர் ஒட்டுவேன். கம்பெனிப் பழக்கம். ஸ்டிக்கர் விழுந்த பீஸை அடுத்த ஆள் பிரித்துப் பார்க்கமாட்டார்.

பத்து வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

நாள் 119. காலை 8:25. சோதனை அறை.

வண்டி கிளம்பிவிட்டது. ரெஜினால்டு முன்னறையில் ஓட்டுகிறான், துளசிமணி பின்னறையில் பாறைத் துண்டுகளோடு. தூசி பரவாமலிருக்க இரண்டு அறைக்கும் நடுவில் கதவு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். துளையிடும் இடத்துக்கு எண்பது மணி நேர ஓட்டம். பன்னிரண்டு நாளில் திரும்புவார்கள். இருபத்துநான்கு டப்பா கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு இங்கே இருக்கிறது, தீர்ந்ததை அவ்வப்போது சுட்டு மறுபடி அடுக்கிவிடுவேன்.

நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்தான். இனி நான் மட்டும்.

வானொலி, ரெஜினால்டு: "எக்கா, டப்பா எல்லாம் ஒழுங்கா அடுக்கியாச்சு. ஒங்க ஸ்டிக்கரப் பாத்தாலே மனசுக்கு ஒரு தைரியம், கேட்டியளா."

நாகர்கோவில்காரன். இருபத்தொன்பது வயது. எல்லாரையும் புகழ்ந்துகொண்டே இருப்பான்.

வானொலி, துளசிமணி: "அக்கா, நாங்க வர்ற வரைக்கும் ஒழுங்கா சாப்புடோணும். டீயக் குடிச்சே பொழுத ஓட்டக்கூடாது."

கோபிச்செட்டிபாளையம். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். என்னை மிரட்டுவதற்கு இங்கே இருக்கும் ஒரே ஆள்.

வசதி: 5.

நாள் 121. மாலை 4:30. சோதனை அறை.

வாராந்திர கவனத் தேர்வு எழுதினேன். பக்கம் முழுக்க ல, ள, ழ என்று கலந்து அச்சடித்திருக்கும். ழ மட்டும் சுழிக்க வேண்டும். முதல் மாதம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்தேன். போன வாரம் எழுபத்தெட்டு. இன்று எழுபத்தொன்று. ஒரே வரியை மூன்று தடவை படித்திருக்கிறேன், இன்னொரு வரியை விட்டே விட்டேன்.

காரணம் எழுதச் சொன்னார்கள். 'சரியான உறக்கமில்லை' என்று எழுதினேன். உண்மையில் நன்றாகத்தான் உறங்குகிறேன். உட்கார்ந்தால் உறங்குகிறேன்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான்கு வருடம் அலைந்து வாங்கிய வேலை. படித்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கியவற்றைத் துடைத்து வைத்தேன்.

வெளிச்சத்தில் ஏதும் கோளாறா என்று சுவர்ப்பலகையைப் பார்த்தேன். வெளிச்சம் 100 என்று காட்டுகிறது. அப்புறம் என்ன. கோளாறு என்னிடம்தான்.

வசதி: 5.

நாள் 122. மாலை 5:00. சோதனை அறை.

வண்டி துளையிடும் இடத்தைச் சேர்ந்துவிட்டது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியை நிரப்ப ஒரு கதை சொல்கிறேன்.

கம்பெனிக்கு வருடத்தில் இரண்டு தடவை வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருவார்கள். முதல் நாளே சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பதில் சொல்லிக் கொடுப்பார். தண்ணீர் நல்லா இருக்கா? நல்லா இருக்குங்க. வெளிச்சம் போதுமா? போதுங்க. எங்கள் டேபிளுக்கு மேலே மூன்று டியூப் லைட்டில் ஒன்று வருடக்கணக்காக விட்டு விட்டு எரியும். கமலவேணி என்றொரு பெண் ஆடிட்காரரிடம் நிஜத்தைச் சொல்லிவிட்டாள். கண்ணு நோகுதுங்க சார் என்றாள். அவர் போனதும் அவளுக்குக் கண் சரியில்லை என்று பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூலி பாதி. டியூப் லைட் அப்படியேதான் இருந்தது.

இங்கே வந்த நான்காம் நாள் நானும் ஒரு தடவை நிஜத்தைச் சொன்னேன். அறை முழுக்க எவர்சில்வர், மேலே வெள்ளை விளக்கு, கண்ணைக் குத்தியது. ஒற்றைத் தலைவலி வந்து வாந்தியெடுத்தேன். படிவத்தில் 2 போட்டேன். உடனே நாற்பது கேள்வி கொண்ட இன்னொரு படிவம் வந்தது. டாக்டர் ஒருவர் திரையில் வந்து, கண் ஒத்துவராதவர்களை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்ப நேரலாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். இரண்டு நாளில் விளக்கின் கூச்சத்தைக் குறைத்தும் விட்டார்கள். அதற்கப்புறம் நான் 5 தவிர வேறெதையும் தொட்டதில்லை. விரல் தானாகப் போகிறது.

வசதி: 5.

நாள் 123. பகல் 2:15. சோதனை அறை.

வானொலி, துளசிமணி: "அக்கா, தலை கனமா இருக்குதுங்க்கா. கரிக்காத்து மானி வேற ஏறியே காட்டுது. டப்பாவ மாத்துனா கொஞ்ச நேரம் எறங்குது, மறுக்காவும் ஏறிக்குது."

வானொலி, ரெஜினால்டு: "எனக்கு ஒண்ணுமில்லக்கா. லேசா ஒறக்கம் மாதிரி வருது, அவ்வளவுதான்."

பூமியில், தரைக் கட்டுப்பாட்டில் நிஷா டியூட்டி. அவள் என்னைக் கேட்டாள்: "அக்கா, டப்பா எல்லாம் நீங்க பாத்ததுதானே? நிச்சயமா வெள்ளைதானே?"

நான் சொன்ன பதில்: "ஏங்கண்ணு, என்ற கண்ணையே சந்தேகப்படறயா? ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அது வெள்ளைதான். மானியப் பாருங்க."

நிஷா அவர்களுக்குச் சொன்னது: "அக்கா பாஸ் பண்ணிட்டாங்க. மானிதான் கோளாறா இருக்கும். நாளைக்கு அத மாத்திப் பாக்கலாம்."

திருப்திக்காக இங்கே இருக்கும் பன்னிரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் வெள்ளை. பால் வெள்ளை.

வசதி: 5.

நாள் 124. காலை 11:30. சோதனை அறை.

கண் வறண்டு மணல் விழுந்தது போல உறுத்தியது. மருத்துவப் பெட்டியிலிருந்து சொட்டு மருந்து எடுத்தேன். பக்கத்தில் டாக்டர்கள் கண்ணில் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச் இருந்தது. கண்ணாடியைப் பார்த்து அடித்துக்கொண்டேன். கை ஆடி வெளிச்சம் மேசையில் விழுந்தது. அங்கே இருந்த டப்பா மஞ்சளாக இருந்தது.

டார்ச்சை அணைத்தேன். வெள்ளை. போட்டேன். மஞ்சள். அணைத்தேன். வெள்ளை.

எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பிறகு அறையைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் அமர்ந்திருப்பது கம்பெனியின் பழைய குடோன் மாதிரி ஒரு மங்கல் அறை. நாலு மாதமாக இதைப் பிரகாசமான அறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிஷாவைக் கூப்பிட்டேன். விளக்கு எந்தக் கணக்கில் எரிகிறது என்று கேட்டேன். அவள் தேடிப் படித்தாள்: "அக்கா, மூணு நாள் சேந்தாப்பல 5 வந்தா ரெண்டு சதவீதம் கொறைக்கும். மின்சாரம் மிச்சம் பண்ண. ஆளு போதலன்னு சொல்ற வரைக்கும் கொறைச்சுக்கிட்டே போகும். இப்ப... இப்ப இருபத்திரண்டுல இருக்குக்கா. அப்புறம் நீங்க மொத வாரம் கூசுதுன்னு போட்டிருக்கீங்க, அதுக்காக வெளிச்சத்துல நீலத்த எடுத்துட்டாங்க."

நீலம் இல்லாத வெளிச்சத்தில் வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றுதான். செக்கிங் டேபிளில் குண்டு பல்ப் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தது அது. பலகையில் 100 என்றிருக்கிறதே என்று கேட்டேன். அது வெளிச்சத்தின் அளவு இல்லையாம். என் வசதியின் அளவாம்.

நூற்றுப் பத்தொன்பது தடவை 5 போட்டிருக்கிறேன்.

நாள் 124. காலை 11:55. சோதனை அறை.

வண்டிக்கு எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கச் சொன்னேன். அவர்களுடைய விளக்கு வெள்ளை விளக்குதான். ஒட்டி மூடியிருந்ததால் இதுவரை பார்க்கவில்லை.

வானொலி, ரெஜினால்டு: "உரிச்சுப் பாத்தாச்சுக்கா. மிச்சம் பத்து இருக்கு. அதுல மூணுதான் வெள்ளை. ஏழும் மஞ்சள்."

நிஷா கணக்குப் போட்டாள். வெள்ளை ஓர் ஆளுக்கு இருபத்துநான்கு மணி நேரம். மஞ்சளில் மிச்ச சத்து மூன்று மணி நேரம். இருவருக்கும் சமமாகப் பங்கிட்டால் நாற்பத்தாறரை மணி நேரம். நாளை மறுநாள் காலை பத்தரை வரை.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் இங்கே திரும்பக் கிளம்புகிறார்கள். வண்டி வந்த தடத்திலேயே தானாக ஓடும். எதிரே நான், அதைவிட மெதுவாக ஓடும் ஆளில்லாத சுமைவண்டியில் நல்ல டப்பாக்களை அனுப்ப வேண்டும். பன்னிரண்டரைக்குள் அனுப்பினால் நாளை மறுநாள் காலை ஒன்பது ஐம்பதுக்கு இரண்டும் சந்திக்கும். நாற்பது நிமிடம் கையில் மிஞ்சும். போதும்.

டார்ச்சில் நிறத்தின் ஷேடு பார்க்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முழு வெளிச்சம் வேண்டும். நிஷாவிடம் விளக்கை முதல் நாள் இருந்தபடி நூற்றுக்கு ஏற்றச் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றைக்கூடத் தப்பவிடமாட்டேன்.

நாள் 124. மாலை 5:25. சோதனை அறை.

விளக்கு ஒரேயடியாக ஏறியது. முகத்தில் அறைந்தது போல இருந்தது. முதல் டப்பாவைக் கையில் எடுத்தபோதே கண்ணுக்குள் மின்னல் நெளிந்தது. ஒற்றைத் தலைவலி. மேசைக்கு அடியில் படுத்து வாந்தியெடுத்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. இமையை விரலால் பிரித்தேன், அப்போதும் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் தெரிந்தது. விளக்கைக் குறைக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். குறைத்தார்கள். வலி குறையவில்லை.

பன்னிரண்டரை போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் போய்விட்டது.

நாலே முக்காலுக்குக் கண் திறந்தது. அந்தச் சின்ன டார்ச்சாலேயே பார்த்தேன். பன்னிரண்டில் ஏழு வெள்ளை. பார்க்க ஆறு நிமிடம் ஆனது. ஆறே நிமிடம். காலையிலேயே டார்ச் கையில்தான் இருந்தது.

ஐந்து இருபதுக்குச் சுமைவண்டி கிளம்பிவிட்டது. இப்போது சந்திக்கும் நேரம் நாளை மறுநாள் பகல் பன்னிரண்டு.

ஒன்றரை மணி நேரம் பத்தாது.

அவர்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் கிளம்பும்போது நிஷா சொன்னதெல்லாம் இதுதான்: "ரெண்டு பேரும் பேசாம படுத்திருங்க. பேசினா மூச்சு வீணாகும். மணிக்கொருக்கா மூச்சு வசதியா இருக்கான்னு பலகைல கேக்கும். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் பட்டன் மட்டும் அமுக்குங்க."

அதே படிவம். அதே பட்டன்.

நாள் 125. காலை 8:20. வானொலி மேசை.

இருபத்தொரு தடவை பதில் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

பின்னறை, துளசிமணி: 4, 4, 5, 4, 3, 4, 4, 5, 4, 4... இப்படிப் போகிறது.

முன்னறை, ரெஜினால்டு: 5. இருபத்தொன்றும் 5.

தரையில் எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். பையன் திடமாக இருக்கிறான் என்கிறார்கள். நிஜமான பதில் ஏறும், இறங்கும். உட்கார்ந்து எழுந்தாலே மாறும். இருபத்தொரு மணி நேரமாக ஒரே மாதிரி வசதியாக இருக்கும் மனிதன் உலகத்தில் கிடையாது. இந்த 5 எனக்குத் தெரியும். நூற்றுப் பத்தொன்பது போட்ட கை இது.

டப்பாக்கள் எல்லாம் முன்னறையில் இருக்கின்றன. துவாரம் வழியாக எதை அவளுக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் அவன்.

நிஷாவைக் கேட்கவில்லை. நேராக வண்டியைக் கூப்பிட்டேன்.

"துளசி, கண்ணு. நடுக்கதவத் தொற. ரெஜினால்டு டப்பாவப் பாரு. என்ன நெறம்னு சொல்லு."

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

வானொலி, துளசிமணி: "மஞ்சளுங்க்கா. ஏழு மஞ்சளும் இவருகிட்டத்தான். கடைசி டப்பா போட்டிருக்காரு. வெள்ளை ஒண்ணு என்ற ரூம்ல ஓடுது, மிச்சம் ரெண்டையும் என்ற பேர எழுதி வெச்சிருக்காரு. அக்கா, இவரு கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு."

நாள் 125. காலை 9:10. வானொலி மேசை.

அவள் நடுக்கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். வெள்ளை ஒன்றை முன்னறையில் மாட்டினாள். ரெஜினால்டு கண் திறந்துவிட்டான்.

வானொலி, ரெஜினால்டு: "எதுக்குக்கா சொன்னீங்க? நான் கணக்கெல்லாம் போட்டுத்தான் வெச்சிருந்தேன். அவளுக்கு நாளைக் கழிச்சு மத்தியானம் வரைக்கும் தாராளமா வரும்."

அப்போதுதான் நான் கணக்கு போட்டேன். மூன்று வெள்ளையும் அவளுக்கென்றால் எழுபத்திரண்டு மணி நேரம். சுமைவண்டி வந்து சேர்ந்து ஒரு நாள் ஆன பிறகும் அவளுக்குக் காற்று இருந்திருக்கும். அவன் இன்று பகலுக்குள் போயிருப்பான். இப்போது இருவருக்கும் பங்கு. இருவருக்கும் நாளை காலை பத்தரைதான். சுமைவண்டி பன்னிரண்டுக்கு.

கணக்கு போட்டுவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டுக் கணக்கு போட்டேன்.

துளசிமணியிடம் கதவை மூடச் சொல்லலாம். சொல்வதற்கு வாய் வரவில்லை. நிஷாவுக்கும் வரவில்லை. நிஷா அழுகிறாள், மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

வானொலி, துளசிமணி: "அக்கா, சுமைவண்டி எப்ப வரும்? நெசத்தச் சொல்லுங்க."

சொன்னேன். "பன்னண்டு மணிக்கு, சாமி. ஒண்ணரை மணி நேரம் பத்தாது."

வானொலி, துளசிமணி: "அதுக்கென்னுங்க்கா. அசையாம கெடந்தா இழுத்துப் பிடிச்சிரலாம். கதவெல்லாம் மூட மாட்டேன். நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

நாள் 125. மாலை 6:00. வானொலி மேசை.

காலை ஒன்பதரையிலிருந்து பேச்சு இல்லை. பட்டன் மட்டும்.

முன்னறை: 5, 5, 5, 5, 5, 5, 5, 5, 5.

பின்னறை: 5, 5, 5, 5, 5, 5, 5, 5, 5.

இப்போது அவளும் 5 மட்டும்தான் போடுகிறாள். எனக்காகப் போடுகிறாள். நிஜத்தைச் சொல்லுடி என்று கத்தலாம். மூச்சை வீணாக்காதே என்று நாங்களே சொல்லியிருக்கிறோம்.

இன்றைக்கு என் படிவம் வந்தது. வெளிச்சம் வசதியாக இருந்ததா? 1 போட்டேன். நாற்பது கேள்வி வந்தது. நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 'சமீபத்தில் மனவருத்தம் தரும் நிகழ்வு ஏதும் நடந்ததா?' என்று பதினேழாவது கேள்வி.

எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதினெட்டாவது கேள்விக்குப் போகிறேன். விளக்கை இப்போது அறுபதில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மேசையில் என் ஸ்டிக்கர் கட்டு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என் பெயர்.

நாள் 126. காலை 10:00. வானொலி மேசை.

முன்னறை 5. பின்னறை 5.

மானி காட்டும் எண்ணை நிஷாவிடம் கேட்டேன். அவர்கள் முந்தாநாள் காலையிலேயே மானியைக் கழற்றி வைத்துவிட்டார்களாம், கோளாறு என்று நாங்கள் சொன்னோமே. மாற்று மானி பெட்டியில்தான் கிடக்கிறது.

காலை 10:30.

கணக்குப்படி முடிந்தது.

காலை 11:00.

முன்னறை 5. பின்னறை 5.

இரண்டு பேரும் இருக்கிறார்கள். அசையாமல் படுத்து இழுத்துப் பிடித்துவிட்டார்கள். கோபிக்காரி சொன்னால் செய்துவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரம்தான். நான் எழுந்து நின்று எழுதுகிறேன்.

பகல் 12:00.

முன்னறை 5. பின்னறை 5.

பகல் 12:06.

வண்டி தெரிகிறது. சுமைவண்டியின் கேமராவில் பார்க்கிறேன். அதுபாட்டுக்கு வந்து, சுமைவண்டியைக் கண்டதும் தானாக நின்றது. அளவெடுத்தாற்போல இரண்டு முழ இடைவெளி. சுமைவண்டியின் இயந்திரக் கை டப்பாக்களை வண்டியின் பக்கவாட்டிலுள்ள காற்றடைப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. உள்ளேயிருந்து மூடியைத் திறந்து கையை நீட்டினால் டப்பா எட்டும். ஏழு டப்பா. ஏழும் வெள்ளை. ஸ்டிக்கர் ஒட்டாமல் அனுப்பியிருக்கிறேன்.

வண்டிக்குள் விளக்கு எரிகிறது. நல்ல வெள்ளை விளக்கு.

பகல் 12:20.

மூடி திறக்கவில்லை. "துளசி, கண்ணு, வந்துட்டீங்க. கையை நீட்டு. பக்கத்துலதான் இருக்குது." பதினோரு தடவை சொல்லிவிட்டேன்.

பகல் 12:40.

வானொலி, நிஷா: "அக்கா. நான் சொல்றதக் கேளுங்க. அந்தப் பலகை... ஆளு பதில் போடலன்னா முந்தின பதிலையே எடுத்துக்குமாம். ஆய்வுல நடுவுல காலியிடம் விழக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. இப்பதான் பாத்தோம். பின்னறைல கடைசியா விரல் பட்டது காலைல அஞ்சு மணிக்கு. முன்னறைல மூணு மணிக்கு. அக்கா, கேக்குதா?"

கேட்கிறது.

பத்தரைக்குக்கூட இல்லை. ஐந்து மணிக்கே. நாற்பது நிமிடம், ஒன்றரை மணி நேரம் எல்லாம் எங்கள் கணக்கு. மஞ்சளுக்கு மூன்று மணி நேரம் என்று யார் சொன்னது? யாரும் சோதித்ததில்லை.

பதினோரு மணிக்கு நான் எழுந்து நின்று எழுதியிருக்கிறேன்.

பகல் 1:00.

முன்னறை 5. பின்னறை 5.

பகல் 2:00.

பலகையை அணைக்கச் சொன்னேன். வண்டியின் உள்ளேயிருந்துதான் அணைக்க முடியுமாம்.

முன்னறை 5. பின்னறை 5.

பகல் 3:00. பலகையிலிருந்து இரண்டு பதிலும் வந்துவிட்டன.

முன்னறை 5.

பின்னறை